ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பழைய தொகுப்பு: என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் பற்றிய மதிப்புரை

மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் 2008ஆம் ஆண்டு முதல் ஐந்தாம் வகுப்புக்குப் பாடநூல்களாக இருந்துவந்த என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம்) தொகுப்பு, 2025-26 கல்வியாண்டில் புதிய நூல்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. சூழ்நிலையியலுக்கு ‘லுக்கிங் அரவுண்ட்’, கணக்குக்கு ‘மேத்ஸ் மேஜிக்’, ஆங்கிலத்துக்கு ‘மேரிகோல்ட்’, இந்திக்கு ‘ரிம்ஜிம்’ என்பவை அத்தொகுப்பின் நான்கு நூல்கள். பள்ளிப் பையிலிருந்து இறங்கிவிட்ட நூல்களுக்கு இப்போது எதற்கு மதிப்புரை என்று சிலர் கேட்கக்கூடும். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் கூடுதலாக எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் நான் இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது இவற்றைத்தான். ஆகவே அவற்றின் நிறைகளையும் குறைகளையும் விரிவாகச் சொல்லிவிடுவது நல்லதென்று தோன்றுகிறது. இந்தி நூலை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் தமிழ் படிக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பு என்பது மத்தியப் பாடத்திட்டத்தில் ஓர் எல்லைக்கோடு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடமாக நடத்தப்படுகின்றன. ஆறாம் வகுப்பில் அவை இரண்டாகப் பிரிந்து, அறிவியல் ஒருபக்கமும் வரலாறு, புவியியல், குடிமையியல் மறுபக்கமும் போய்விடுகின்றன. எனவே ஒரு பொருளை எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு ஒரு மாணவருக்குக் கடைசியாகக் கிடைப்பது இந்த வகுப்பில்தான். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி எழுதப்பட்ட இந்தத் தொகுப்பு அந்த வாய்ப்பை வீணாக்கவில்லை என்பதே இதைப் பற்றி நான் சொல்லக்கூடிய முதன்மையான பாராட்டு.

சூழ்நிலையியல் நூலில் 22 பாடங்கள் உள்ளன. செரிமானம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். வேறு நூலாக இருந்தால் வாய், உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று ஒரு படம் போட்டு, பெயர்களைக் குறிக்கச் சொல்லி, அத்தோடு பாடத்தை முடித்திருப்பார்கள். இந்த நூல் நாக்கின் சுவையில் தொடங்குகிறது. பிறகு 1822இல் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஏற்பட்ட துளை மூடாமலே பிழைத்துக்கொண்ட மார்ட்டின் என்ற இளைஞரின் கதைக்குப் போகிறது. அவருக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் பியூமான்ட் அந்தத் துளை வழியாக இரைப்பைக்குள் நடப்பதைக் கவனித்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்து, உணவு அதில் எப்படிக் கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார். உணவை இரைப்பை வெறுமனே அரைப்பதில்லை, அங்குள்ள சாறு அதைச் செரிக்கவைக்கிறது என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகளுக்குச் செரிமானம் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாக இருப்பதில்லை. ஒரு மனிதர் துளை வழியாக எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த செய்தியாக மனத்தில் தங்கிவிடுகிறது.

அந்தப் பாடம் அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல உணவு என்றால் என்ன என்ற கேள்விக்கு நகர்ந்து, அந்த நல்ல உணவு யாருக்குக் கிடைப்பதில்லை என்று கேட்டு, ஒடிசாவின் காளாஹண்டி மாவட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நெல் நன்றாக விளைந்து வெளி மாநிலங்களுக்கும் போகிற அதே மாவட்டத்தில் மக்கள் பசியால் வாடியது எப்படி என்ற கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது. விடை எங்கும் அச்சிடப்படவில்லை. இரைப்பைச் சாற்றில் தொடங்கிய பாடம் தானியக் கிடங்கில் வந்து முடிவதைப் பார்த்து, இது அறிவியலா, சமூகமா என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தான். தேர்வில் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்பது அவர்களுடைய கவலை.

இதே துணிச்சல் வேறு பாடங்களிலும் தெரிகிறது. துப்புரவுப் பணி பற்றிய பாடம், அந்த வேலையைச் செய்பவர்களிடம் எடுத்த பேட்டியைத் தருகிறது. காந்தியின் ஆசிரமத்தில் அந்த வேலையை எல்லோரும் முறைவைத்துச் செய்ததைச் சொல்கிறது. பிறகு அம்பேத்கரின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை வைக்கிறது. விடுமுறைக்குத் தந்தை இருந்த ஊருக்குப் போன சிறுவன் பீமன், ஒரு பணக்கார விவசாயியின் எருமைக்கு மயிர் வெட்டிக்கொண்டிருக்கும் நாவிதரைப் பார்த்துத் தனக்கும் முடி வெட்டிவிடும்படி கேட்கிறான். உனக்கு வெட்டினால் என் கத்தியும் தீட்டுப்படும், நானும் தீட்டுப்படுவேன் என்று அவர் மறுத்துவிடுகிறார். விலங்கின் மயிரை வெட்டுவதைவிட மனிதனின் முடியை வெட்டுவது அசுத்தமான காரியமா என்று அந்தச் சிறுவன் வியக்கிறான். சாதியைப் பற்றி அறிவுரை கூறும் பக்கங்களைப் பாடநூல்களில் நாம் ஏராளமாகப் பார்த்திருக்கிறோம். அவற்றால் ஆகாத வேலையை இந்தச் சின்ன நிகழ்ச்சி செய்துவிடுகிறது. வகுப்பில் இதைப் படித்ததும் பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்; பிறகு அவரவர் தெருவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சை நடத்திச் செல்லும் பக்குவம் ஆசிரியருக்கு இல்லையென்றால் இந்தப் பாடத்தைத் தொடாமல் இருப்பதே மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அணை கட்டுவதற்காக ஊரைக் காலி செய்துவிட்டு மும்பைக்குப் போய்ச் சேரும் ஜாத்ர்யாவின் குடும்பம், கரும்பு வெட்டுவதற்காக ஆண்டுதோறும் ஊர்விட்டு ஊர் போகும் தனுவின் குடும்பம், காட்டுக்காகப் போராடும் ஜார்க்கண்டின் சூர்யமணி, 2001 ஜனவரி 26 அன்று நடந்த கட்ச் நிலநடுக்கத்தில் வீடிழந்த ஜஸ்மா, மும்பை நாக்பாடாவில் கூடைப்பந்து ஆடும் சிறுமிகள் என்று நூல் முழுவதும் ஆள்கள் நடமாடுகிறார்கள். கோல்கொண்டாக் கோட்டைக்கு ஒரு பாடம் உண்டு. மன்னர்களின் பெயர்களைவிட, கொத்தளங்கள் ஏன் வளைவாகக் கட்டப்பட்டன, மேட்டிலிருந்த அரண்மனைக்குத் தண்ணீர் எப்படி ஏறியது என்பவற்றிலேயே அதற்கு அக்கறை.

விவசாயம் பற்றிய பாடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குஜராத்தின் வான்காம் என்ற ஊரில் தாம்ஜிபாய் என்ற விவசாயியின் வீட்டு மரப்பெட்டியில் வேப்பிலையோடு பத்திரப்படுத்தப்பட்டிருந்த ஒரு கம்பு விதைதான் அந்தப் பாடத்தின் கதையைச் சொல்கிறது. அடுத்த விளைச்சலுக்கு விதையை எடுத்துவைக்கும் தலைமுறை போய், மின்மோட்டாரும் பருத்தியும் கடைவிதையும் உரமும் கடனும் வந்த தலைமுறையை அந்த விதை பெட்டிக்குள்ளிருந்தே பார்க்கிறது. நவீன விவசாயம் நல்லதா கெட்டதா என்று நூல் தீர்ப்புச் சொல்லவில்லை; லாபம் முதலில் எப்படி வந்தது, பிறகு எப்படிக் குறைந்தது என்பதை மட்டும் ஒழுங்காக அடுக்கிக் காட்டுகிறது. கரிசல் காட்டில் கம்பு போட்ட தாத்தாவையும், பருத்திக்கு மருந்தடித்த அப்பாவையும் உடைய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருப்பதால், இந்தப் பாடம் இங்கே மொழிபெயர்க்காமலே புரிந்துவிடுகிறது.

கணக்கு நூலுக்கு வருவோம். 14 பாடங்கள் கொண்ட இந்நூலின் முதல் பாடமே மீன்பிடித் தொழிலைப் பற்றியது. எங்களைப் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வாசல் வேறு வேண்டியதில்லை. கரையோரமாகப் போகும் கட்டுமரம் 20 கிலோ மீன் கொண்டுவருகிறது, ஆழ்கடலுக்குப் போகும் பெரிய இயந்திரப் படகு 6,000 கிலோ கொண்டுவருகிறது என்று தொடங்கி, வேகம், தூரம், நேரம், லட்சக் கணக்கிலான எண்கள் எல்லாவற்றையும் படகுகளின் வழியாகவே அறிமுகப்படுத்துகிறார்கள். பிறகு ஒரு மகளிர் குழு கருவாட்டுத் தொழில் தொடங்க வங்கியில் கடன் கேட்கிறது. மாதம் 6,000 கிலோ பச்சை மீனைக் கிலோ 15 ரூபாய்க்கு வாங்கினால், காய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,000 கிலோ கருவாடு கிடைக்கும். அதைக் கிலோ 70 ரூபாய்க்கு விற்கலாம். மீன், உப்பு, பெட்டி, பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்து 94,200 ரூபாய். விற்று வருவது 1,40,000 ரூபாய். கையில் நிற்பது 45,800 ரூபாய். பெருக்கல், பின்னம், கூட்டல், கழித்தல், லாபம் என்று தனித்தனி அத்தியாயங்களில் கிடக்க வேண்டியவை ஒரே கடன் விண்ணப்பத்துக்குள் வந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கைச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவி பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஆறாயிரம் கிலோ வாங்கி ரெண்டாயிரம் கிலோதான் மிஞ்சுது, அப்ப நட்டந்தான சார்?” என்று கேட்டாள். எடை குறைவதையும் பணம் குறைவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் இந்தக் குழப்பம், நூறு பயிற்சிக் கணக்குகள் கொடுத்திருந்தாலும் வெளியே வந்திருக்காது. அவளை அழைத்துப்போக வந்திருந்த அவளுடைய ஆச்சி கருவாட்டு வியாபாரம் செய்தவர். அவர் வாசலில் நின்றபடியே, “எல்லா மீனும் ஒண்ணுபோலயா காயும் சார்? நெத்திலி ஒரு கணக்கு, சீலா ஒரு கணக்கு. மழைக்காலம்னா அதுவும் போச்சு” என்றார். பாடநூல் எடுத்துக்கொண்ட மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்குக்கு வசதியான ஒரு பின்னம் மட்டுமே என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. நூலில் அப்படி ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தால் பாடம் இன்னும் உயர்ந்திருக்கும்.

கோணங்களைக் கற்பிக்கும் முறையும் குறிப்பிடத்தக்கது. கோணமானியைக் கையில் கொடுப்பதற்கு முன்பு தீக்குச்சிகளை ஒட்டிக் கோணம் செய்யச் சொல்கிறார்கள். பெயரின் எழுத்துகளுக்குள் கோணம் தேடச் சொல்கிறார்கள். வட்டமாக வெட்டிய காகிதத்தை மடித்து மடித்து 90 பாகை, 45 பாகை என்று ஒரு ‘பாகைக் கடிகாரம்’ செய்ய வைக்கிறார்கள். அதன் பிறகு கோணமானி வரும்போது அது அந்நியப் பொருளாகத் தெரிவதில்லை. கோட்டின் நீளம் கூடினால் கோணமும் கூடும் என்று நினைக்கும் பிள்ளைகளின் வழக்கமான பிழை இந்தக் காகித வட்டத்தோடு பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

பரப்பளவுப் பாடத்தில் இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு மாம்பழத் தகடு (மாம்பழக் கூழைக் காயவைத்த தின்பண்டம்) வாங்குகிறார்கள். ஒன்று அகலமானது, மற்றது நீளமானது; யாருடையது பெரியது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஒரு சென்டிமீட்டர் சதுரங்களை அடுக்கி எண்ணிப் பார்க்கிறார்கள். பரப்பளவு என்ற கருத்து அங்கே பிறக்கிறது. இதே மாம்பழத் தகடு, மாமிடி தாண்ட்ரா என்ற பெயரில், சூழ்நிலையியல் நூலிலும் வருகிறது. ஆந்திராவின் ஆத்ரேயபுரத்தில் ஒரு குடும்பம் சர்க்கரையும் வெல்லமும் கலந்த மாம்பழக் கூழைப் பாய்மேல் நாள்தோறும் ஒரு படலமாகப் பூசி, நான்கு வாரம் வெயிலில் காயவைத்து, நான்கு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவரும் முறையை அந்தப் பாடம் படிப்படியாகச் சொல்கிறது. கெட்டுப்போகும் பழம் ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அங்கே கேள்வி. அதன் துண்டு எவ்வளவு பெரியது என்பது இங்கே கேள்வி. நூலாசிரியர் குழுக்கள் பேசிவைத்துக்கொண்டு செய்தார்களா என்பது ஒருபுறம் இருக்க, இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தினால் பிள்ளைகளுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நேரில் பார்த்திருக்கிறேன். தின்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு.

காரணிகளும் மடங்குகளும், பத்தில் ஒன்று நூற்றில் ஒன்று என்று வரும் தசம எண்கள், பெட்டிகளின் விரிப்புப் படங்கள், வரைபடத்தில் வழி கண்டுபிடித்தல், கோலிக்குண்டு போட்டு நீர்மட்டம் உயர்வதை வைத்துக் கன அளவு பார்த்தல், மாயச் சதுரங்கள் ஆகியவை மற்ற பாடங்கள். இவை யாவும் தரமானவையே. ஆனால் பயிற்சிக் கணக்குகள் மிகக் குறைவு. நீள் வகுத்தல் கைக்குப் பழகும் அளவுக்கோ, வேற்றுப் பகுதி கொண்ட பின்னங்களைத் தயங்காமல் ஒப்பிடும் அளவுக்கோ இந்நூலில் வேலை இல்லை. கருத்து புரிந்த பிள்ளை, கை ஓடாமல் ஆறாம் வகுப்பில் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இந்த நூலை மட்டும் நம்பியிருக்கும் பெற்றோர் தனியாக ஒரு கணக்கு நோட்டுப் போட்டே ஆகவேண்டும்.

ஆங்கில நூலைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பத்து அலகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாடலும் ஒரு கதையும் என்ற அமைப்பு. ராபின்சன் குரூசோவும் கலிவரும் ரிப் வான் விங்கிளும் சுருக்கப்பட்ட வடிவில் வருகிறார்கள். பிரேம்சந்தின் அண்ணன் தம்பிக் கதையும், மணிப்பூர் அரச குடும்பத்துக் கதையும் இடையே நல்ல மாறுதல். திருவிதாங்கூர் மகாராஜாவின் விருந்தில் மிஞ்சிய காய்கறித் துண்டுகளையும் தோல்களையும் பார்த்து ஒரு சமையல்காரர் அவியலைக் கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு; முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவில் பக்கத்தவர்கள், தோலைப் போட்டா அவியல் என்று சண்டைக்கு வருவார்கள், அது வேறு விஷயம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் கதைகள் சுவையானவைதாம். ஆனால் மற்ற இரண்டு நூல்களில் ஓடும் அந்த இணைப்பு இதில் இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு இதன் மொழிநடை, சூழ்நிலையியல் நூலின் மொழிநடையைவிட ஒரு படி கடினம். இலக்கணமும் ஆங்காங்கே தூவியதுபோல்தான் இருக்கிறது.

இனிக் குறைகள். முதலாவது, இந்த நூல்கள் கேள்விகளால் ஆனவை. கேள்வி கேட்கப்படும் இடத்தில் விடை சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். உங்கள் பகுதிக் குளம் என்ன ஆயிற்று என்று தாத்தாவிடம் கேட்டு வா, உன் வீட்டில் விதை சேர்த்துவைப்பார்களா என்று பாட்டியிடம் கேட்டு வா என்று நூல் சொல்கிறது. அடுக்ககத்தில், வேலைக்குப் போகும் தாயும் தந்தையும் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்தில், அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்துவிடுகிறது. இந்த வெற்றிடத்தைத்தான் கைடு வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். “உன் வீட்டில் தண்ணீர் எடுத்துவருவது யார்?” என்பது போன்ற கேள்விக்குக்கூட அச்சடித்த விடை கொண்ட ஒரு கைடைப் பார்த்தேன், அதை வரிக்கு வரி எழுதி, முழு மதிப்பெண் வாங்கிய நோட்டையும் பார்த்தேன். ஒரு வகுப்பு முழுவதற்கும் தண்ணீர் எடுத்துவருபவர் ஒரே அம்மாவாக இருந்தார். இதற்கு நூலைக் குறை சொல்வது நியாயமாகாது என்றாலும், தன்னை நடத்தப்போகும் ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகளும் முடிக்க வேண்டிய பகுதிகளும் இருக்கின்றன என்பதை நூல் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது குறை, அடுக்கான அறிவு கிடைக்காமல் போவது. தமிழ்நாட்டு மாநிலப் பாடநூல்கள் ஐந்தாம் வகுப்பில் அறிவியலையும் சமூக அறிவியலையும் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கின்றன. அங்கே உறுப்பு மண்டலங்கள் என்றால் எல்லா மண்டலங்களும் வரிசையாக வரும். வளிமண்டலம் என்றால் அதன் அடுக்குகள் பெயரோடு வரும். மத்தியத் தொகுப்பில் செரிமானத்துக்கு மார்ட்டின் இருக்கிறார், ஆனால் உடலின் முழு வரைபடம் இல்லை. வரலாற்றுக்குக் கோல்கொண்டா இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்ற காலவரிசை இல்லை. ஆறாம் வகுப்பில் வரையறைகள் திடுமென வந்து குவியும்போது, இந்தத் தொகுப்பில் படித்த பிள்ளைகள் முதல் சில மாதங்கள் திணறுகிறார்கள். மாநில நூல் வழியே வந்த பிள்ளைக்குப் பெயர்கள் தெரியும்; ஏன் என்று கேட்கும் பழக்கம் இந்தத் தொகுப்பில் படித்த பிள்ளைக்கு அதிகம். என்னைக் கேட்டால் பிந்தையதை ஈடுசெய்வதுதான் கடினம். பெயர்களை ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

மாநில நூல்களுக்குச் சாதகமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2012-13இல் வந்த முப்பருவ முறையால் அந்தப் பிள்ளைகள் ஒரு பருவத்துக்குரிய நூலை மட்டும் சுமந்தால் போதும். மத்தியத் தொகுப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டு முழுவதற்குமாக ஒரே கனத்த நூல். மேலும், மாநில நூல்கள் தமிழ்வழியிலும் உண்டு. மத்தியத் தொகுப்பைத் தமிழில் படிக்க வழியில்லாததால், கருவாட்டுக் கணக்கை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் புரிந்துகொண்டு, மறுபடி ஆங்கிலத்தில் விடை எழுதும் சிரமம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

மூன்றாவதாக, 22 சூழ்நிலையியல் பாடங்களில் ராஜஸ்தானும் குஜராத்தும் மகாராஷ்டிரமும் ஜார்க்கண்டும் லடாக்கும் வருகின்றன. தெற்கே ஆத்ரேயபுரம், கோல்கொண்டா வரை வந்து நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டு ஊர் ஒன்றை மையமாகக் கொண்ட பாடம் கிடையாது. ஏரி, கண்மாய் பற்றிப் பேச இங்கே இல்லாத செய்தியா? ஜெய்சல்மேரின் கட்சீசர் ஏரியைப் பற்றிப் படித்துவிட்டு நம் ஊர்க் கண்மாயை நாமாகத்தான் இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலத்தால் பழையதாகிவிட்ட பகுதிகளும் இருக்கின்றன. சுனிதா வில்லியம்ஸ் பற்றிய பாடம் அவருடைய முதல் விண்வெளிப் பயணத்தோடு நிற்கிறது. 2024 ஜூனில் போய், திட்டமிட்டதைவிட வெகுகாலம் தங்கி, 2025 மார்ச்சில் அவர் திரும்பிவந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பாதிக் கதைதான். பெட்ரோல் பற்றிய பாடத்தில் வரும் விலைகளைப் பார்த்துப் பெரியவர்கள் பெருமூச்சு விடலாம்.

2025இல் வந்த புதிய தொகுப்பில் சூழ்நிலையியலுக்கு ‘அவர் வொண்ட்ரஸ் வேர்ல்ட்’, கணக்குக்கு ‘மேத்ஸ் மேளா’, ஆங்கிலத்துக்கு ‘சந்தூர்’ ஆகியவை இடம்பெறுகின்றன. கலைக்கும் உடற்கல்விக்கும் தனி நூல்கள் வந்திருப்பது வரவேற்கத்தக்கது. புதிய கணக்கு நூல் கோணத்தைத் திருப்பமாக அறிமுகப்படுத்துவதும், பால் பண்ணை, தென்னந்தோப்பு என்று தொழில்களை விடாமல் பிடித்திருப்பதும் பழைய நூலின் நல்ல வாரிசு என்று சொல்ல வைக்கின்றன. சூழ்நிலையியலில் 22 பாடங்கள் 10 ஆகியிருக்கின்றன. நீர், நதி, உணவு, ஆற்றல், ஆடை, பூமி என்று தலைப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. முன்பு நான் குறை சொன்ன அடுக்கின்மை இதில் குறைவு. ஆனால் துப்புரவுப் பணிக்கென்றோ, அணைக்காக ஊரை விட்டவர்களுக்கென்றோ தனிப் பாடம் இந்தப் பட்டியலில் இல்லை. புதிய நூல் வகுப்பறைக்கு வசதியானது. வீட்டில் உட்கார்ந்து பேசுவதற்குப் பழைய நூலே என் தேர்வு.

எனவே, புதிய பாடநூலோ மாநிலப் பாடநூலோ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் துணை நூலாகப் பழைய சூழ்நிலையியல், கணக்கு நூல்கள் இரண்டையும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆங்கில நூலைத் தவிர்த்தாலும் இழப்பில்லை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக நடத்த வேண்டிய அவசியம் கிடையாது. மாம்பழ மாதங்களில் மாம்பழப் பாடத்தையும் பரப்பளவையும், மழைக்காலத்தில் கொசுப் பாடத்தையும் எடுத்தால் போதும். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

விலை எப்போதுமே குறைவாகத்தான் இருந்தது. ஒரு நூல் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இப்போது சென்னை மூர் மார்க்கெட் போன்ற பழைய புத்தகக் கடைகளில் தேட வேண்டியிருக்கும். உண்மையான பதிப்பின் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் என்.சி.இ.ஆர்.டி. நீர்க்குறி தெரியும், திருட்டுப் பதிப்புகளில் தாள் மெலிந்து, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதோடு, கணக்கு நூலின் கட்டப் படங்களும் மங்கிக் கிடக்கும், சதுரம் எண்ண முடியாது. அப்படியே நல்ல பதிப்பாக இருந்தாலும், பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, விடை எழுத விட்ட இடங்கள் முந்தைய பிள்ளையால் பேனாவில் நிரப்பப்படாத பிரதியாக எடுங்கள். பென்சிலில் எழுதியிருந்தால் பரவாயில்லை, பத்து ரூபாய் குறைத்துக் கேட்கலாம்.